தலைமையாசிரியர் அடிக்கச் சொன்ன மெட்ராஸ்

"பத்திரிகைப் படிப்புக்கு மெட்ராஸ்ல ரெண்டு காலேஜுங்கம்மா. கிடைக்காட்டி கோயமுத்தூர்ல ஒண்ணு. அதுவும் இல்லீன்னா பி.ஏ. தமிழ்," என்றாள் ஷைலா, விண்ணப்பத்தில் கல்லூரிகளை வரிசையாக எழுதியபடி.

"மெட்ராஸை அடிச்சு விடு!" என்றார் அவள் அப்பா, தலைமையாசிரியர் அமிர்தநாதன், ஈசிச்சேரில் சாய்ந்தபடி. கொஞ்ச நாளாகவே வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

"பேப்பர் வேலைக்கு என்ன மரியாதை? சாராள், நீயே கேளு!"

சாராள் பெருமூச்சு விட்டாள். "அத்தனை தூரம் போயி இதைப் படிக்கோணுமா கண்ணு?"

"அப்பா பேரு பேப்பர்ல ஒரே ஒருக்காத்தானுங்கம்மா வந்துச்சு. அந்தக் கண்ணீர் அஞ்சலியிலயும் தலைமையாசிரியரைத் தலைமைக் காவலர்னு போட்டுப்போட்டாங்க. மறந்துட்டீங்களா?"

அமிர்தநாதன் துள்ளி எழுந்தார். ஈசிச்சேரின் துணி துளியும் அசையவில்லை.

"மெட்ராஸையே முதல்ல எழுது!" என்று கத்தினார்.

மகள் அவர் சொல்லைத் தட்டவில்லை. ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள்.