முதல் காஜா

"கம்ப்யூட்டரை மூட்டை கட்டு. என் கார்லயே ஏத்திக்கிட்டுப் போறேன்."

உத்தரவு போட்டுவிட்டு, தையல் கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்தார். அளவு கொடுக்க வந்தவர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லி நழுவினார்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன் அறையில் அப்பா துணி வெட்டுவார். மூலையில் அம்மா மிஷின் மிதிப்பாள். திரைக்குப் பின்னால் வீடு. அந்தத் திரையை மறித்துக்கொண்டு பையன் நின்றான். காலேஜில் படிக்கிறவன்.

"கம்ப்யூட்டர் எங்கயும் போகாது, பெரியப்பா."

"பாத்தியாடா உன் புள்ளைய?"

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அண்ணன் வாயைத் திறந்தால் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். எதிர்த்துப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது.

விஷயம் இதுதான். 'ஊசி' என்ற பேரில் யாரோ துப்பாக்கி கேம் ஆடி, அதை நேரலையில் காட்டுகிறார்கள். முகம் காட்டுவதில்லை. குரலும் மிஷின் குரல். எதிரியின் நெற்றியில் குறி தப்பாமல் சுட்டால், 'காஜா எடுத்தாச்சு' என்று ஒரு சத்தம் வரும். சட்டையில் பட்டனுக்கு ஓட்டை போடுகிறோமே, அதே காஜாதான். இளவட்டங்கள் வாயைத் திறந்தால் இப்போது அதுதான்.

"என் பொண்ணு என்னையே கேக்கறா, 'என்னப்பா, இன்னைக்கு அம்மா உங்களுக்குக் காஜா எடுத்துட்டாங்களா'ன்னு! இது நம்ம கடை பாஷைடா. வேற எவன் வாயில வரும்?"

"நல்லதுதானே பெரியப்பா. நம்ம பாஷைய நாலு பேர் பேசினா பெருமைதானே?"

"பெருமையா? சனிக்கிழமை அந்த கேம் போட்டிக்கு ஃபைனலாம். மேடையில முகத்தைக் காட்டி ஆடணுமாம். அந்த மேடைப் பக்கம் நீ தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது! பொம்மையச் சுட்டுப் பேர் வாங்கி என்னடா கிழிக்கப் போற? இந்தத் தலைமுறைக்கே புகழ்ப் பைத்தியம் புடிச்சிருக்கு."

"பேர் வாங்க ஆசைப்பட்டா தப்பா?"

"தப்புதான். மனுஷன்னா சத்தமில்லாம தன் வேலையச் செய்யணும்."

"நூலகத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தீங்களே, எல்லா இறக்கையிலயும் உங்க பேரு. சுத்தினா பேர் தெரியலைன்னு, ஃபேனையே போட வேணாம்னு சொன்னது யாரு?"

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாய் நீளுது! அந்த ஊசி ஆடுறது பூராவும் மத்தியானத்துல. உங்கப்பன் துணி எடுக்க வெளிய போற நேரம். காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு வந்து ஆடுறியா?"

பையன் திரையை இழுத்து மூடினான்.

"கேக்கறாரில்ல? சொல்லுடா!" அப்பாவின் குரல் உடைந்தது. "நான் கண்ணைக் கெடுத்துக்கிட்டு உழைக்கிறது இதுக்குத்தானா?"

"திட்டணும்னா திட்டுங்கப்பா. அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா சனிக்கிழமை ஆட்டம் நடக்கும். அதை யாராலயும் நிறுத்த முடியாது."

அப்பா கையை ஓங்கிவிட்டார். பெற்ற பிள்ளை மேல் அவர் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை.

மிஷின் சத்தம் நின்றது.

"அவனை விடுங்க."

அம்மா எழுந்து வந்தாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

"அந்த கேம்ல அவனுக்கு நேரா நடக்கவே வராது. சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பான். காஜா எடுக்க அவனுக்கும் வராது, அவங்கப்பாவுக்கும் வராது. இந்தக் கடையில காஜா எடுக்கறது யாருன்னு உங்களுக்கு இன்னுமா தெரியல?"

பெரியப்பா மிஷினைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அப்புறம் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

"நீயா... ஊசி?"

"பரீட்சைக்குப் படிக்கட்டும்னு அவன்கிட்டருந்து கேமைப் பிடுங்கினேன். எப்படி மூடுறதுன்னு தெரியாம தட்டிப் பாத்தேன். அப்படியே புடிச்சிக்கிச்சு." அவள் குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. "நான் தைச்ச சட்டை அத்தனைக்கும் காலர்ல கடைப் பேருன்னு என் மாமனார் பேருதான் இருக்கு. எனக்குன்னு நான் சம்பாதிச்ச பேரு இது ஒண்ணுதான். சனிக்கிழமை நான் மேடை ஏறத்தான் போறேன்."

அப்பாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

பெரியப்பா பையன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, 'ஊசி நான் இல்லை'ன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நான்னு நெனச்சா திட்டுவீங்க, அடிப்பீங்க. அதோட போயிடும். அம்மான்னு தெரிஞ்சா குடும்ப மானம் அது இதுன்னு பேசியே அவங்களை ஆட விடாம பண்ணிடுவீங்க. அதான் சொல்லல."

பெரியப்பாதான் சுதாரித்துக்கொண்டார்.

"டேய் தம்பி, இனிமே இந்த வீட்டுல அந்த கேம் நடக்கக் கூடாது. சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட!"

அப்பா மனைவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு, அண்ணன் எதிரிலேயே கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழமை கடைக்கு லீவுண்ணே. நாங்க மூணு பேரும் ஃபைனலுக்குப் போறோம்."

பையன் துள்ளிக் குதித்தான்.

"அம்மா! அப்பா காஜா எடுத்துட்டாரு!"