அந்த டாக்டரம்மா மட்டும் வேண்டாம்

"அந்த டாக்டரம்மாகிட்ட மட்டும் என்னால போக முடியாது" என்றான் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் அவன் குந்தியிருந்தான்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளி சிரித்தான். தன் அண்ணனுக்கும் இதே தொந்தரவுதான் என்றும், அந்த அம்மா பார்த்த பிறகுதான் அவன் மனுஷனாக நடமாடுகிறான் என்றும் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தான். பொம்பளை டாக்டர் என்றால் இவ்வளவு கூச்சமா என்று இப்போது கேட்டான். மெக்கானிக் போல்ட்டை முடுக்குவதில் மும்முரமானான்.

ஒரு வருஷமாக அவன் அவனாகவே இல்லை. பன்னிரண்டு மாடியைச் சர்வசாதாரணமாக ஏறியவனுக்கு இரண்டாவது மாடியிலேயே கால் தளர்ந்தது. சாயங்காலம் வீடு திரும்பினால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டுவிடுவான். மனைவி தோளைத் தொட்டால், தூங்குகிற மாதிரி நடிக்கப் பழகிவிட்டான்.

அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? போன மாதம் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள். "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று அவள் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அது அவன் காதை விட்டுப் போகவே இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைந்தால் இப்படியெல்லாம் ஆகும் என்று போனில் படித்துவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் டாக்டர் தேட ஆரம்பித்தான். முதலில் பார்த்தவர், நாற்பதைத் தாண்டினால் இதெல்லாம் சகஜம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்தது, கண்ணாடிச் சுவரும் காபி மெஷினுமாகப் பளபளத்த ஒரு கிளினிக். கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தைகள் என்று படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஊசி என்று ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். முன்பணமே அவனுடைய ஒரு மாதச் சம்பளம்.

கார்டை நீட்டப்போனவன், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டான். "உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே சார்" என்றான் அங்கிருந்த கோட்டுக்காரன். மெக்கானிக் கார்டைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவைப் பார்த்தே கோளாறு சொல்கிற ஆட்கள் அவன் தொழிலிலும் உண்டு. அவர்கள் பழுது பார்த்த லிஃப்டில் அவன் ஏறுவதில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் நேர்மையான மனிதர். இந்த வைத்தியத்தில் தனக்கு அனுபவம் போதாது என்று ஒப்புக்கொண்டு, ஃபீஸ்கூட வாங்காமல் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார். பார்த்தால், அதே டாக்டரம்மா.

நாலு நாள் அந்தச் சீட்டு பர்ஸிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் அரை நாள் லீவு போட்டான். எல்லாரையும் போல டோக்கன் வாங்கி, ஐந்து நாள் சம்பளத்தை ஃபீஸாகக் கட்டி, வரிசையில் உட்கார்ந்தான்.

உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு நாற்காலியைக் காட்டிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

"பேஷண்டா வந்திருக்கீங்க. எதையும் மறைக்காம சொல்லுங்க."

அதற்கப்புறம் கேள்விமேல் கேள்வி. குறட்டை உண்டா, தலைவலி வருமா, பார்வை மங்குகிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. இனிமேல் குழந்தை வேண்டுமா என்று மட்டும் கேட்டார். ஊசி போட ஆரம்பித்தால் அதற்கான வாய்ப்பு குறையும், அதற்காகத்தான் கேட்பதாகச் சொன்னார்.

இரண்டு வெவ்வேறு நாளில், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் அடுத்த பேச்சு. ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மருந்து. மருந்து தொடங்கினாலும் அவ்வப்போது ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கக் கேட்க மெக்கானிக்குக்கு நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. இது வேலை தெரிந்த கை.

"வீட்டுல மனைவி இதை எப்படி எடுத்துக்கிறாங்க?" என்று கடைசியாகக் கேட்டார்.

அவனுக்குக் காது மடல் சுட்டது. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவமேல ஒரு தப்பும் இல்லைங்க. நான்தான் ஒதுங்கி ஒதுங்கிப் போயிட்டேன். எனக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சு அழறா. சொல்ல வாய் வரல."

பேனா நின்றது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். இது உடம்புக்கு வந்த கோளாறு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். இந்த அறையில் பேசியது இந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னார்.

பரிசோதனைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தான். கதவின் கைப்பிடியில் கை வைத்தபோது, பின்னாலிருந்து அவர் குரல் இறங்கி ஒலித்தது.

"என் பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, மாப்பிள்ளை."