பாதிக் கைப்பிடி

இப்போதெல்லாம் எவனும் எதையும் முழுசாக முடிப்பதில்லை, பாதியிலேயே கைதட்டிக்கொள்கிறான் என்று சவரிமுத்துவுக்கு ஒரே எரிச்சல். வீடு கட்டுவதிலிருந்து சாக்கடை அள்ளுவது வரை எல்லாமே சாப்ட்வேர் கம்பெனி மாதிரி ரெண்டு வாரத் தவணை, ‘ஸ்பிரிண்ட்’ கணக்காகிவிட்டது.

அன்று குடியிருப்பின் மாடிப்படிக்குப் புதுக் கைப்பிடி வெளியீடு. வடிவமைத்தவள் அவர் மகள் எஸ்தர். முழங்கால் தேய்ந்த அம்மா லூர்து தனியாக இறங்கிப் பூசைக்குப் போகவேண்டுமென்று மேலிருந்து கீழ்வரை வரைந்திருந்தாள். வந்ததோ மேலிருந்து பாதி வழி வரைதான். பழசைப் பிடுங்கும் வேலை மட்டும் போன ஸ்பிரிண்டிலேயே முழுசாக முடிந்திருந்தது.

“மிச்சம் எங்கம்மா?”

“மிச்சத்துக்கு மத்த டீமெல்லாம் ஒத்துக்கணும்ப்பா.” எஸ்தர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாதிக் கைப்பிடிய வச்சு எவ எறங்குவா?”

“பாதி எறங்குறவங்களுக்கு உதவும்னு சொல்றாங்க.”

அதற்குள் மகள் செய்ததாயிற்றே என்று லூர்து மேலிருந்து நம்பிக்கையோடு இறங்கத் தொடங்கிவிட்டாள். கைப்பிடி தீர்ந்த இடத்தில் அவள் கை வெறும் காற்றைத் துழாவியது. இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

கீழே கூட்டம் கைதட்டியது. “அம்மா, எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?” என்றான் ஒருவன்.

எஸ்தரும் கைதட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் தட்டினாள்.

சவரிமுத்து ஏறிப்போய் மனைவியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்து, ஒவ்வொரு படியாக இறக்கினார்.

“அடுத்த ஸ்பிரிண்ட்ல கண்டிப்பா வந்துரும்ப்பா.”

“கிழிச்சீங்க,” என்று காறித் துப்பிவிட்டு, லூர்துவைத் தாங்கியபடி கோயிலைப் பார்த்து நடந்தார்.