ஒன்பதாம் ரகக் குட்டி

"இந்தக் குட்டிக்கு அப்பன் வேற எவனோ. அவ்வளவுதான்!" என்றார் பேராசிரியர் ஹாலாஸ்யம்.

"அப்படின்னா தாயோட ரகமாவது இருக்கணுமே சார்? அதுவும் இல்லையே!" என்றான் அவரது ஆராய்ச்சி மாணவன் வெங்கட்ரமணன்.

எழுபத்தெட்டில் மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அது. முயலின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கிறது. அதிலுள்ள சின்னப் புரதச் சங்கிலியில் நாலாம் ரகம், ஒன்பதாம் ரகம் என்று பல உண்டு. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று வாங்கிக்கொண்டுதான் குட்டி பிறக்கும். இங்கே தாயும் தகப்பனும் அசல் நாலு. குட்டியிடமோ நாலு மருந்துக்குக்கூட இல்லை, வெறும் ஒன்பது.

"ட்யூப் மாறியிருக்கும்."

"திரும்பத் திரும்ப நானே ரத்தம் எடுத்துப் பார்த்துட்டேன் சார்."

ஹாலாஸ்யம் எழுந்தே விட்டார். "அப்பன்மேல சந்தேகம் வரலாம். பெத்தவமேல வருமாடா? எங்கேயோ ஒளிஞ்சிருந்த ஜீன் முழிச்சிண்டிருக்கு! டெல்லி மாநாட்டுல நீயே வாசி. டாக்டர் பட்டம் உன் சட்டைப் பையில!"

உதவித்தொகையும் நின்று, கே.கே. நகரில் மாமனார் வீட்டுத் தண்டச்சோறு என்று பேர் வாங்கியிருந்தவன் வெங்கட்ரமணன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அல்வாப் பொட்டலத்தோடு முயல் கொட்டகைக்கு ஓடினான். அந்தத் தாய் முயல் போட்ட குட்டிகள் இதற்கு முன் ஒவ்வோர் ஈத்திலும் செத்துப்போயின. இந்த ஈத்தைப் பிழைக்க வைத்தவள், முயல்களுக்குத் தீனி போடும் பரவை முத்துத்தாய்.

"எப்படிம்மா காப்பாத்தினே?"

"பிள்ளை தங்காத வீட்ல எங்க ஊர்ல செய்யிறதுதான் சார். பெத்ததும் அடுத்தவ மடியில போட்டுருவோம். பெறகு தவிட்டைக் குடுத்து அவகிட்ட விலைக்கு வாங்கிக்கிருவோம். அன்னைக்குப் பக்கத்துக் கூண்டுக்காரியும் குட்டி போட்டிருந்தா. இதுகளக் கொண்டுபோயி அதுகளோட போட்டேன். ஒரு கை தவிட்ட வச்சுட்டு, இவளுக்கு உண்டானத அள்ளியாந்துட்டேன். அம்புட்டுத்தான்!"

வெங்கட்ரமணன் கூண்டில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பக்கத்துக் கூண்டு ஜோடி இரண்டும் ஒன்பதாம் ரகம்.

"அள்ளினது... இவ பெத்த குட்டிகளைத்தானா?"

"மெதுவாப் பேசுங்க சார்!" என்று பதறினாள் முத்துத்தாய். "தவிட்டுக்கு வாங்குன பிள்ளைய ஆரு பெத்ததுன்னு கேக்கவே கூடாது. கேட்டா தங்காது!"