சாரல் இல்லாத ஆடி

ஆடி பிறந்தும் சாரல் இல்லை. குற்றால அருவி, வெயில் காயும் பாறையை வேட்டி அகலத்துக்கு மட்டும் நனைத்து இறங்குகிறது. என் மகள் உலகம்மையைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆலங்குளத்திலிருந்து வில்வண்டியில் வந்திருக்கும் செல்லச்சாமி, தலை நிறைய எண்ணெயோடு அதன் அடியில் நிற்கிறார். எண்ணெய் போகவில்லை. நான் தலைப்பாகையை அவிழ்க்காமல் கரையில் நிற்கிறேன். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசியில் என் வயலுக்குப் பாய்கிறது. அருவியைப் பார்த்தவர் வயலையும் எடை போட்டிருப்பார். சம்பந்தம் வேண்டாமென்று திரும்பிப் போய்விட்டால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? “அண்ணாச்சி, ஒங்க அருவி என்ன, எங்களக் கண்டு வெக்கப்படுதோ?” என்று அவர் கத்துகிறார். குளிக்க வந்த கூட்டம் சிரிக்கிறது. “மேக்க கறுத்துக்கிட்டு வருது. சாயங்காலம் பாருங்க,” என்கிறேன். வானம் வெளுத்துத்தான் கிடக்கிறது. அவர் எண்ணெய் வழிய ஏறி வந்து குரலைத் தாழ்த்துகிறார். “எங்க ஊருல இந்தச் சொட்டும் கெடையாது அண்ணாச்சி. குடிக்கிற தண்ணிக்கே ஒங்க மக கொடத்தத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வெளிய நடக்கணும். தருவியளா?” பெண்கள் பக்கத்தில் உலகம்மை இரு கையாலும் அருவியை ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சரி என்று சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன். இப்போது, “மொதல்ல எண்ணெயத் தொடச்சுக்கிடுங்க,” என்று தலைப்பாகையை அவிழ்த்து நீட்டுகிறேன்.