கார்புரேட்டருல ஒரு சொம்புத் தண்ணி

சாவிய உருவி டிரைவர் பன்னீரு கைல வெச்சிக்கினு கீறான். காரு மட்டும் நிக்கல. டொக்கு டொக்குன்னு குலுங்கிக்கினே கீது.

"இன்னாடா இது, சாவி இல்லாம ஓடுது?"ன்னு பின் சீட்டுல இருந்து வேதகிரி கத்தனாரு. உத்திரமேரூர்ல ரைஸ் மில்லு வெச்சிருக்கறவரு. பையனுக்குப் பொண்ணு பாக்க குடும்பத்தையே அம்பாசிடர்ல அடைச்சிக்கினு திருவண்ணாமலை கெளம்பிட்டாரு. ஊரத் தாண்டறதுக்குள்ளயே இந்த பேஜாரு.

நான் கையாளா வேல செய்யற ஷெட்டுலதான் வண்டிய நிறுத்தனாங்க. மெக்கானிக்கு ஐசக் அண்ணன் பானெட்டத் தொறந்து ஒரு நிமிசம் காது குடுத்துக் கேட்டாரு.

"உள்ள கரி புடிச்சிக்கினு கீது மொதலாளி. அது அடுப்புல கீற கங்கு மாதிரி கனியறதால, சாவிய எடுத்தாலும் பெட்ரோலு பத்திக்கினே கீது. கொஞ்சம் தண்ணி வுட்டா சரியாப் பூடும்."

"ரேடியேட்டருக்கா?"

"இல்ல. இன்ஜினுக்கு."

"யோவ், அதுக்கு பெட்ரோல் ஊத்தறதுக்கே நான் அழுதுக்கினு கீறேன், நீ தண்ணி ஊத்தறேன்றியே!"

"கார்புரேட்டர் வழியா சொட்டு சொட்டா வுட்டா, சூட்டுல ஆவியாகி கரியப் பேத்துக்கினு வெளிய வந்துடும். அவசரப்பட்டு மடமடன்னு வுட்டா மட்டும் இன்ஜின் ஒடஞ்சிடும்."

வேதகிரி வாட்சப் பாத்தாரு. ஒம்போதே முக்கால்.

"இன்னிக்கு வெள்ளிக்கெயம. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஊர் எல்லையத் தாண்டணும். சீக்கிரம் முடி."

பன்னீரு சொம்ப எடுத்தான். ஐசக் அண்ணன் வெடுக்குன்னு புடுங்கிட்டாரு.

"தொடாத! உன் கைக்கு இது வராது. போய் அந்தப் புளியமரத்தாண்ட குந்து. காரு பக்கம் வந்தே, கால ஒடச்சிடுவேன்."

எதிர்ல டீக்கடைல அத்தினி பேரு பாத்துக்கினு கீறாங்க. ஒரு மனுசனை இப்டியா வெரட்டுவாங்க? பன்னீரு சாவிய மொதலாளி கைல குடுத்தான். போய் மரத்துல சாஞ்சான். சாஞ்சவன் அப்டியே தூங்கிட்டான்.

"ஆக்சிலேட்டர மெரிக்க ஆளு வேணும். நீங்களே குந்துங்க மொதலாளி."

பட்டு வேட்டியோட வேதகிரி டிரைவர் சீட்டுல ஏறி, சாவியப் போட்டு மெரிச்சாரு. காரு காட்டுக் கத்தலா கத்திச்சு. சைலன்சர்ல இருந்து வெள்ளப் பொகை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போச்சு. கூடவே கறுப்பு கறுப்பா தூளு. பவுடர் அடிச்சிக்கினு நின்ன மாப்பிள்ளப் பையன், பொண்ணு வூட்டுல காபி குடிக்கப் போறவனா, செங்கல் சூளைல வேலைக்குப் போறவனான்னு தெரியல.

அந்த சத்தத்துலயும் பன்னீரு குறட்டை.

"நல்ல டிரைவரா வெச்சிருக்கீங்க!"ன்னு சம்சாரம் சுலோச்சனா அம்மா பல்லக் கடிச்சாங்க. "மொதலாளி வண்டி ஓட்டறாரு, டிரைவரு தூங்கறான்."

ஐசக் அண்ணன் சொட்டு சொட்டா வுட்டுக்கினு கீறாரு. நடுவுல நடுவுல, "சூடு ஏறட்டும்"னு சொம்ப வெச்சிட்டு சும்மா நிக்கறாரு.

"மணி இன்னா மொதலாளி?"

"பத்து!"

"அப்ப இன்னும் ஒரு சொம்பு தாங்கும்."

சுலோச்சனா அம்மாவுக்குப் பொறுக்கல. "ஏம்பா, இது காரா, கயனியா? இப்டி தண்ணி பாய்ச்சற!"

டீக்கடைல ஒருத்தரு முணுமுணுத்தாரு. "பணக்காரன் வண்டியில்ல? வேணும்னே இயுக்கறான். கூலிய ஏத்தப் பாக்கறான்."

"மணி இன்னா மொதலாளி?"

"பத்தேகால்யா! நீ இன்னா, ஏரியவே காலி பண்ணப் போறியா?"

இன்னும் ஒரு சொம்பு போச்சு. மறுபடியும் மணி கேட்டாரு. வேதகிரி வாட்ச மொறச்சாரு.

"பத்து முப்பத்தி ரெண்டு."

"ரெடி மொதலாளி. சாவியத் திருப்பி ஆஃப் பண்ணுங்க."

திருப்பனாரு. காரு கப்சிப்புன்னு நின்னுது.

"டேய் பன்னீரு, எயுந்துர்றா!"ன்னு வேதகிரி எறங்கனாரு.

"அவன எதுக்கு எயுப்பறீங்க?"ன்னு சுலோச்சனா அம்மா மறிச்சாங்க. "ராகு காலத்துல போயா எம் புள்ளைக்குப் பொண்ணு பாப்பீங்க? பன்னெண்டு அடிக்காம நான் இந்த வண்டில ஏற மாட்டேன்."

வேதகிரி ஐசக் அண்ணன் பரம்பரையத் திட்டிக்கினே குடும்பத்தோட வூட்டப் பாத்து நடந்தாரு.

அவுங்க தலை மறைஞ்சதும் நான் கேட்டேன்.

"இன்னா ஐசக்கண்ணே, போன மாசம் வாத்தியாரு வண்டிக்கு ரெண்டு டம்ளர் தண்ணில முடிச்சியே. இதுக்கு மட்டும் கொடம் கொடமா?"

"இதுக்கும் ரெண்டு டம்ளர் போதும்."

அண்ணன் கையத் தொடச்சிக்கினே மரத்தடியப் பாத்தாரு.

"அவன் ராத்திரி பூரா மில்லு லாரிய மெட்ராசுக்கு ஓட்டிக்கினு போய்ட்டு, வெடிகாலைல தான் இந்த வழியா வந்தான். நான் பாத்தேன். எறங்கன ஒடனே மொதலாளி காரு சாவியக் கைல குடுத்துட்டாரு. இப்ப ஷெட்டுக்குள்ள வரும்போதே கண்ணு சொருவிக்கினு செவுத்துல மோதப் பாத்தான்பா. வண்டி பூரா பொம்பளைங்க, புள்ளைங்க."

"அத மொதலாளிகிட்டயே சொல்றது?"

"சொன்னா, தூங்குமூஞ்சின்னு நாளைக்கே வேற ஆளு வெப்பாரு."

"அதுக்காக ராகு காலம் வர்ற வரைக்கும் இயுத்தியா? ஞாயித்துக்கெயம தவறாம சர்ச்சுக்குப் போறவன் நீ. உனுக்கேது ராகு காலம்?"

ஐசக் அண்ணன் பீடியப் பத்த வெச்சாரு. தூங்கறவன் மூஞ்சில பொகை படாம அந்தப் பக்கம் திரும்பி வுட்டாரு.

"நான் சொன்னா அந்த மனுசன் ஒரு நிமிசம் நிப்பாரா? ராகு சொன்னா ஒண்ணரை மணி நேரம் நிப்பாரு."