கட்டைவிரல் பேய்

போர்டு கேம் கிளப்பில் பெயிண்டிங் போட்டி. கட்டைவிரல் உயர வெள்ளைப் பேய் பொம்மைகள், வீட்டில் பெயிண்ட் செய்து கொண்டுவர, ஒரு மாதம் முன்பே ஆளுக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள்; ஒன்று பழக, ஒன்று போட்டிக்கு.

எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்வதால் ‘வாத்தியார்’ என்று பெயரெடுத்தவர், தன் பேயோடு மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு, தாமதமாக வந்து மேஜையைச் சுற்றினார்.

"இது பேயா, காயப்போட்ட பனியனா?"

அடுத்த பேயின் மடிப்புகளில் சாம்பலும் நீலமும் திட்டுத்திட்டாக வழிந்திருந்தன. முகத்தைச் சுளித்தார்.

"சாக்கடையில முக்கி எடுத்திருக்கான். இவனெல்லாம் பிரஷையே தொடக்கூடாது சார்!" என்றார் நடுவரிடம்.

நடுவர் சிரித்தபடி அதையே கையில் எடுத்தார். "தன்னடக்கம் போதும் வாத்தியாரே. புகையாக் கலையுற மாதிரி என்னமா பண்ணியிருக்கீங்க! முதல் பரிசு உங்களுக்குத்தான்."

வாத்தியார் மனைவியை ஓரமாக இழுத்தார். "ஒரு மாசமா உயிரைக் கொடுத்துப் பெயிண்ட் பண்ணினேனே, அது எங்கே?"

"வீட்லதான் இருக்கு. அதைக் கொண்டுவர எனக்கே வெக்கமா இருந்துச்சுங்க. இன்னொண்ணு நீங்க பிரஷ் கழுவுற கப்புக்குள்ள விழுந்து ஊறிக் கிடந்துச்சு. எடுத்துக் காயவச்சுக் கொண்டுவந்தேன்" என்றாள் அவள். "நீங்க சொன்னபடியே, பிரஷைத் தொடவே இல்ல."